அரைவேக்காட்டு மண்ணுக்கு அபார பலம்!

‘அரைவேக்காடு’ என்று யாரையாவது சொல்லிப் பாருங்கள், சண்டைக்கு வந்துவிடுவார்கள். ஆனால், அந்தப் பட்டத்தைப் பெருமையாக ஏற்றுக்கொள்ளும் பொருள் ஒன்று இருக்கிறது. அது களிமண்!

செங்கல் சூளையில் மண்ணை 900, 1,000 டிகிரி செல்சியஸ் வரை வேகவைக்கிறோம். அவ்வளவு தூரம் போகாமல், சுமார் 700 டிகிரியிலேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். வெந்த மண்ணைப் பொடியாக்கி, காரத்தன்மை உள்ள ஒரு கரைசலைச் சேர்த்துப் பிசைந்து அச்சில் ஊற்றினால், ஒரு பிடி சிமென்ட்கூட இல்லாமல் அது கல்லாக இறுகிவிடுகிறது. செங்கல்லுக்கு முதலில் அச்சு, பிறகு நெருப்பு. இதற்கு முதலில் நெருப்பு, பிறகு அச்சு. வித்தியாசம் அதுதான்.

இந்தப் பொருளின் பெயர் ‘ஜியோபாலிமர்.’ ‘ஜியோ’ என்றால் பூமி. பாலிமர் என்றதும் பிளாஸ்டிக் ஞாபகம் வரலாம். பிளாஸ்டிக்கில் கார்பன் அணுக்கள் சங்கிலியாகக் கோத்துக்கொள்கின்றன. இதில் சிலிக்கான், அலுமினியம், ஆக்சிஜன் ஆகியவை வலைபோலப் பின்னிக்கொள்கின்றன. மூன்றுமே மண்ணில் இருப்பவை. அதனால் இது தீப்பிடிக்காது.

சரி, சிமென்ட்தான் தெருவுக்குத் தெரு கிடைக்கிறதே... மண்ணைப் போட்டு ஏன் இவ்வளவு பாடு?

44 கிராமும் 14 கிராமும்

காரணத்தை இரண்டு எண்களில் சொல்லிவிடலாம்.

சிமென்ட்டின் மூலப்பொருள் சுண்ணாம்புக்கல். தூய்மையான சுண்ணாம்புக்கல்லை 100 கிராம் எடுத்துச் சுட்டால், 56 கிராம் சுண்ணாம்பு மிஞ்சும். காணாமல்போன 44 கிராமும் கார்பன் டை ஆக்ஸைடாக வானத்துக்குப் போயிருக்கும். அடுப்புக்கு நிலக்கரி போட்டாலும் சரி, சூரிய சக்தியைப் பயன்படுத்தினாலும் சரி, இந்த 44 கிராமைத் தடுக்க முடியாது. அது புகைபோக்கியின் குற்றம் அல்ல; கல்லுக்குள்ளேயே இருப்பது. போதாக்குறைக்கு, சிமென்ட்டுக்கான ‘கிளிங்கர்’ உருவாக 1,450 டிகிரி வெப்பம் வேண்டும். அதற்கான எரிபொருள் புகை தனிக் கணக்கு. உலகம் ஆண்டுக்குச் சுமார் 400 கோடி டன் சிமென்ட் தயாரிக்கிறது. மனிதர்கள் வெளியேற்றும் கார்பன் டை ஆக்ஸைடில் 7 முதல் 8 சதவிகிதம் வரை இந்த ஒரு தொழிலிலிருந்து வருகிறது.

இப்போது களிமண்ணுக்கு வருவோம். ‘கயோலின்’ எனப்படும் வெள்ளைக் களிமண்ணைத் தூய்மையாக 100 கிராம் எடுத்துச் சுட்டால் 86 கிராம் மிஞ்சும். காணாமல்போன 14 கிராம் என்ன தெரியுமா? வெறும் தண்ணீர். ஆவியாகப் போய், என்றைக்காவது மழையாகத் திரும்பி வந்துவிடும்.

சுண்ணாம்புக்கல் இழப்பது கார்பனை. களிமண் இழப்பது நீரை. உலகெங்கும் விஞ்ஞானிகள் களிமண் பின்னால் அலைவதற்கு இதுதான் அடிப்படை.

பதம் தப்பினால் போச்சு!

கயோலின் மண்ணை நுண்ணோக்கியில் பார்த்தால், அப்பளக் கட்டைப்போல அடுக்கடுக்காகத் தெரியும். ஒவ்வொரு அடுக்கிலும் சிலிக்கான் தாள் ஒன்று, அலுமினியத் தாள் ஒன்று. அவற்றோடு பிணைந்த நிலையில் நீரின் கூறுகள் இருக்கின்றன. இந்த நிலையில் மண் நிம்மதியாக இருக்கிறது. எதனோடும் சட்டென்று சேராது.

வெப்பம் 600 டிகிரியைத் தாண்டி 700, 800 வரை போகும்போது அந்த நீர் வெளியேறிவிடுகிறது. அடுக்குகள் குலைகின்றன. அலுமினிய அணுக்கள் பழைய துணையை இழந்து, புதிய பிணைப்புக்குக் காத்திருக்கின்றன. இந்த நிலைக்கு ‘மெட்டாகயோலின்’ என்று பெயர். நாம் சொன்ன அரைவேக்காடு இதுதான்.

ஆசைப்பட்டு 950 டிகிரிக்கு மேல் கொண்டுபோனால், அணுக்கள் வேறு விதமாக அடுக்கிக்கொண்டு மறுபடி நிம்மதியாகிவிடும். பிறகு எந்தக் கரைசலை ஊற்றினாலும் அசையாது. பிரியாணிக்கு அரிசியை முக்கால் வேக்காட்டில் இறக்குவது மாதிரிதான். முந்தினால் நறுக்கரிசி, பிந்தினால் குழைசல்.

பதமாக வெந்த பொடியில் சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது காஸ்டிக் சோடா கலந்த நீரையும், ‘வாட்டர் கிளாஸ்’ எனப்படும் சோடியம் சிலிகேட்டையும் சேர்க்கிறார்கள். காரம் மண்ணைக் கரைக்கிறது. கரைந்து வந்த சிலிக்கானும் அலுமினியமும் ஆக்சிஜனை நடுவில் வைத்துக் கைகோக்கின்றன. சோடியம் வலைக்குள் ஆங்காங்கே உட்கார்ந்து மின்னூட்டத்தைச் சமன்செய்கிறது. அறை வெப்பத்திலேயே இது இறுகும். 60 முதல் 80 டிகிரி வரை லேசாகச் சூடு காட்டினால், ஒரே நாளில் பெரும்பகுதி பலம் வந்துவிடும். சாதாரண கான்கிரீட்டின் பலத்தை நாம் 28 நாள் கழித்துச் சோதிக்கிறோம்.

நெருப்பில் பிறந்த யோசனை

‘ஜியோபாலிமர்’ என்ற பெயரைச் சூட்டியவர் பிரான்ஸ் நாட்டு வேதியியலாளர் ஜோசப் டேவிடோவிட்ஸ். 1970 முதல் 1973 வரை பிரான்ஸில் அடுத்தடுத்துப் பெரும் தீ விபத்துகள் நடந்தன. 1970 நவம்பர் 1 அன்று ஒரு நடன விடுதியில் பற்றிய தீயில் 140-க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் இளைஞர்கள், உயிரிழந்தார்கள். உள் அலங்காரத்துக்குப் பயன்படுத்திய பிளாஸ்டிக்தான் தீயை அவ்வளவு வேகமாகப் பரப்பியது.

இந்த விபத்துகளுக்குப் பிறகு, எரியாத ‘பிளாஸ்டிக்’ ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று இறங்கினார் டேவிடோவிட்ஸ். அந்தத் தேடல் அவரைக் களிமண்ணிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. மரத்தூள் பலகையின் மேலும் கீழும் கயோலின் கலவையைப் பூசி இறுக வைத்த தீத்தடுப்புப் பலகைகள்தான் அவருடைய ஆரம்பகால முயற்சிகளில் ஒன்று. 1970-களின் இறுதியில் ‘ஜியோபாலிமர்’ என்ற பெயர் புழக்கத்துக்கு வந்தது.

அவருக்கு முன்பே, 1957 வாக்கில், உக்ரைனின் கீவ் நகரில் விக்டர் குளுக்கோவ்ஸ்கி என்ற விஞ்ஞானி, மண்ணையும் உலைக்கசடையும் காரத்தோடு சேர்த்து ‘மண் சிலிகேட்’ தயாரித்தார். சோவியத் ஒன்றியத்தில் அப்படிப்பட்ட கலவைகளால் குடியிருப்புக் கட்டடங்களே எழுந்தன. ஆக, யோசனைக்கு வயது 60-க்கும் மேல்.

டேவிடோவிட்ஸ் பெயரைச் சொன்னால், சமூக வலைதளங்களில் சுற்றும் இன்னொரு கதையையும் சொல்லியாக வேண்டும். எகிப்தியப் பிரமிடுகளின் கற்கள் வெட்டி எடுத்தவை அல்ல, அச்சில் வார்த்தவை என்று 1988-ல் புத்தகமே எழுதினார் அவர். கேட்கச் சுவாரஸ்யமான கதைதான். ஆனால், பெரும்பாலான தொல்லியலாளர்களும் புவியியலாளர்களும் அதை ஏற்கவில்லை. கல் வெட்டிய குவாரிகளும் உளித் தடங்களும் இன்றும் இருக்கின்றன. செங்கடல் கரையில் 2013-ல் கிடைத்த பாப்பிரஸ் சுருள்கள், துரா என்ற இடத்திலிருந்து சுண்ணாம்புக்கற்களைப் படகில் கீஸாவுக்குக் கொண்டுபோன நாள் குறிப்புகளாகவே இருந்தன. ஜியோபாலிமர் நிஜம்; அது பிரமிடைக் கட்டியது என்பதற்குச் சான்று இல்லை.

நம்ம ஊர் சுர்க்கி

வெந்த களிமண்ணைப் பசையாக மாற்றும் வித்தை நமக்குப் புதிதல்ல. பழைய வீடுகளை இடிக்கும்போது சுண்ணாம்புக் காரையில் சிவப்புப் பொடி தெரியும். அதுதான் சுர்க்கி. சுட்ட மண்ணை, செங்கல்லை இடித்துப் பொடியாக்கிச் சுண்ணாம்போடு அரைத்துச் சேர்ப்பார்கள். வெறும் சுண்ணாம்பு இறுகக் காற்று வேண்டும். சுர்க்கி சேர்த்த சுண்ணாம்பு தண்ணீருக்குள்ளேயும் இறுகும். பென்னிகுவிக் தலைமையில் 1887-ல் தொடங்கி 1895-ல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையின் கட்டுமானத்தில் இருப்பது சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த கலவைதான்.

சுர்க்கியும் ஜியோபாலிமரும் ஒன்றல்ல. சுர்க்கியை எழுப்பிவிடுவது சுண்ணாம்பு. ஜியோபாலிமரை எழுப்பிவிடுவது சோடியம் அல்லது பொட்டாசியம் காரம். ஆனால், இரண்டுக்கும் உயிர் ஒன்றுதான்: பதமாக வெந்த களிமண்.

எந்த மண் தேறும்?

எல்லா மண்ணும் இதற்கு ஒத்துவராது. மண்ணில் கயோலின் எவ்வளவு இருக்கிறது என்பதே கேள்வி.

*வெள்ளைக் களிமண்:* ‘சைனா கிளே’ என்று பீங்கான் தொழிலில் சொல்வார்கள். முதல் தர மாணவன் இதுதான். சீனாவில் பீங்கானுக்குப் பேர்போன ஜிங்டெஜென் அருகே இருக்கும் காவோலிங் என்ற ஊரின் பெயரே ‘கயோலின்’ ஆனது. இந்தியாவில் கேரளத்தின் குண்டறை, தோன்னக்கல் பகுதிகள் இதற்குப் பெயர்பெற்றவை. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே உள்ள மண் அடுக்குகளிலும் வெள்ளைக் களிமண் உண்டு. ஆனால், காகிதம், பெயின்ட், பீங்கான் என எல்லாத் தொழில்களும் இதற்குப் போட்டி போடுவதால் விலை அதிகம்.

*செம்மண், லேட்டரைட்:* வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கும் வெப்ப நாடுகளில் பாறை சிதைந்து உருவாகும் மண். கயோலினோடு இரும்பும் கலந்திருப்பதால் சிவப்பு. பீங்கானுக்கு ஆகாது என்று ஒதுக்கும் இந்த மண்ணிலும் ஜியோபாலிமர் வருகிறது. ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டு ஆய்வாளர்கள் உள்ளூர் லேட்டரைட்டை வைத்துத் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறார்கள். சிமென்ட்டை விலை கொடுத்து வாங்கக் கஷ்டப்படும் நாடுகளுக்குக் காலடி மண் கைகொடுக்குமா என்பது அவர்களுக்கு வெறும் ஆராய்ச்சி அல்ல, வாழ்க்கைப் பிரச்னை.

*கரிசல்:* மழையில் ஊதி, கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் மண். இதில் ‘மாண்ட்மோரில்லோனைட்’ வகைக் களிமண் அதிகம். சுட்டாலும் கயோலின் அளவுக்கு வேகமாக வினைபுரியாது. பருத்திக்கு ராஜா, இங்கே கடைசி பெஞ்ச்.

மண்ணைச் சோதிக்கும் முறை எளிமையானது. ஆய்வகத்தில் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாக்கி, எடை எப்போது குறைகிறது என்று கருவி பார்த்துக்கொண்டே இருக்கும். சுமார் 400 முதல் 600 டிகிரிக்குள் போகும் எடை கயோலினின் நீர். தூய கயோலின் 14 சதவிகிதம் இழக்கும் அல்லவா? உங்கள் மண் 7 சதவிகிதம் இழந்தால், அதில் பாதி கயோலின் என்று தோராயமாகக் கணக்குப் போடலாம்.

சாம்பல் இருக்க, மண் எதற்கு?

ஜியோபாலிமர் கான்கிரீட் என்று இன்று உலகில் நிற்பவற்றில் பெரும்பாலானவை களிமண்ணால் ஆனவை அல்ல. அனல் மின்நிலையச் சாம்பலும் இரும்பு உலைக்கசடும்தான் மூலப்பொருள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 2013-ல் திறந்த 4 மாடிக் கட்டடத்துக்கு ஜியோபாலிமர் தளப் பலகைகளைப் பயன்படுத்தினார்கள். 2014-ல் அதே மாநிலத்தின் டூவூம்பா அருகே விமானங்கள் நிற்கும் தளமே இப்படிப் போடப்பட்டது. நம் சென்னை தரமணியில் உள்ள மத்திய அரசின் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையமும் சாம்பல், கசடு ஆகியவற்றிலிருந்து ஜியோபாலிமர் கற்களை உருவாக்கி ஆராய்ந்திருக்கிறது.

ஆனால், நிலக்கரியை உலகம் கைவிடத் தொடங்கினால் சாம்பல் எங்கிருந்து வரும்? பழைய இரும்பை உருக்கி எஃகு செய்யும் முறை பரவினால் உலைக்கசடு குறையும். ஒரு தொழிலின் கழிவை நம்பி இன்னொரு தொழிலைக் கட்ட முடியாது. களிமண்ணுக்கு அந்தக் கவலை இல்லை.

காரத்தின் விலை

இவ்வளவு நல்ல பொருள் ஏன் இன்னும் நம் தெருக் கடையில் மூட்டையில் வரவில்லை?

முதல் காரணம், காரம். காஸ்டிக் சோடாவை உப்பு நீரில் மின்சாரம் பாய்ச்சி எடுக்கிறார்கள். சோடியம் சிலிகேட்டுக்கு மணலையும் சோடா உப்பையும் 1,000 டிகிரிக்கு மேல் உருக்க வேண்டும். இரண்டுக்கும் மின்சாரமும் எரிபொருளும் செலவாகின்றன. பணமும் போகிறது, கார்பனும் வருகிறது. மண் எவ்வளவு ‘பசுமை’யாக இருந்தாலும், காரத்தைத் தாராளமாக ஊற்றினால் கணக்கு உதைக்கும்.

இரண்டாவது, மெட்டாகயோலின் துகள்கள் தட்டுத் தட்டாக இருப்பதால் நிறையத் தண்ணீர் குடிக்கும். காயும்போது சுருங்கி விரிசல் விடலாம். கலவையில் காரம் மிஞ்சினால், பழைய வீட்டுச் சுவரில் உப்புப் பூப்பதுபோல வெள்ளையாகப் பூக்கும்.

மூன்றாவது காரணம்தான் வீட்டில் இருப்பவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது. ‘வீட்டிலேயே ஜியோபாலிமர் செய்யலாம்’ என்று வீடியோக்கள் உலவுகின்றன. தயவுசெய்து குழந்தைகளை அருகில் வைத்துக்கொண்டு முயற்சி செய்யாதீர்கள். காஸ்டிக் சோடா தண்ணீரில் கரையும்போதே கொதிக்கும் அளவுக்குச் சூடேறும். தோலில் பட்டால் சில நேரம் உடனே வலி தெரியாது. ஆனால், உள்ளே அரித்துக்கொண்டே போகும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். தவறிப் பட்டுவிட்டால் எலுமிச்சை, வினிகர் என்று கைவைத்தியம் தேடாமல், குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் விடாமல் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஈர சிமென்ட்டில் நாள் முழுக்க நிற்கும் கொத்தனார், சித்தாள்களின் கால் விரல் இடுக்கில் புண் வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் காரம் செய்யும் வேலைதான். ஜியோபாலிமர் கரைசலின் காரம் அதைவிடக் கடுமை. கையுறை, கண்ணாடி, பூட்ஸ் எதுவும் இல்லாமல் வேலை நடக்கும் நம் கட்டடத் தளங்களில் இதை நேரடியாக இறக்கினால், மிச்சமாகும் கார்பனுக்கு விலை கொடுப்பது கூலித் தொழிலாளியின் கையும் காலுமாக இருக்கும். அதனால்தான், தொழிற்சாலையில் வார்த்து, கல்லாகவோ பலகையாகவோ கொண்டுவந்து பொருத்தும் வழி பாதுகாப்பானது. இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2020-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறையும் (ஐ.எஸ். 17452) முன்கூட்டியே வார்த்த பொருள்களுக்கானதுதான்.

எங்கே வேறு பொருள் தாங்காதோ, அங்கே ஜியோபாலிமர் ஏற்கெனவே வேலைக்குச் சேர்ந்துவிட்டது. 1990-களின் நடுவில் ஃபார்முலா ஒன் பந்தயக் காரில், புகைக்குழாயின் வெப்பத்தைத் தடுக்கும் கவசமானது. ஸ்லோவாக்கியா, செக் குடியரசு அணுமின் நிலையங்களில் கதிரியக்கக் கழிவுச் சேற்றைக் கல்லாக்கி அடைத்துவைக்கப் பயன்படுகிறது.

காரம் வேண்டாம்... இன்னொரு வழி!

காரம்தான் சிக்கல் என்றால், அரைவேக்காட்டு மண்ணை வேறு எப்படி எழுப்பிவிடலாம்? சுர்க்கியின் வழி இருக்கவே இருக்கிறது!

சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியை கேரன் ஸ்க்ரிவனர், கியூபாவின் பேராசிரியர் ஃபெர்னாண்டோ மார்ட்டிரெனா ஆகியோரோடு, டெல்லி, மும்பை, சென்னை ஐ.ஐ.டி-க்களின் ஆய்வாளர்களும் சேர்ந்து வளர்த்தெடுத்த சிமென்ட்டின் பெயர் ‘எல்சி3.’ கிளிங்கரைப் பாதியாகக் குறைத்து, 30 சதவிகிதம் சுட்ட களிமண், 15 சதவிகிதம் சுடாத சுண்ணாம்புக்கல் தூள், 5 சதவிகிதம் ஜிப்சம் சேர்க்கிறார்கள். கிளிங்கர் இறுகும்போது வெளிவரும் சுண்ணாம்பே மண்ணை எழுப்பிவிடுகிறது. தனியாகக் காஸ்டிக் தேவையில்லை. 40 சதவிகிதம் கயோலின் உள்ள மண்ணே போதும். சாதாரண சிமென்ட்டோடு ஒப்பிட்டால் கார்பன் வெளியேற்றம் 30 முதல் 40 சதவிகிதம் வரை குறையும். 2023-ல் இதற்கென்று இந்தியத் தரக்குறியீடே (ஐ.எஸ். 18189) வந்துவிட்டது.

சிமென்ட்டை முழுக்க விரட்டுவது ஜியோபாலிமரின் கனவு. பாதியாவது குறைப்பது எல்சி3-யின் கணக்கு. இரண்டுக்கும் அடுப்பில் இருப்பது ஒரே மண்தான்.

மண்ணும் சும்மா வரவில்லை

கார்பனை மிச்சம் பிடிக்கிறோம் என்று மலையடிவாரத்தைத் தோண்டினால், ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கின கதையாகிவிடும். கோவை தடாகம் பள்ளத்தாக்கில் செங்கலுக்காகச் செம்மண் எடுத்த இடங்கள் பெரும் பள்ளங்களாகி, 2021-ல் சூளைகள் மூடப்பட்ட கதை நமக்குத் தெரியும். விளைநிலத்தின் மேல் மண் உருவாக நூற்றாண்டுகள் ஆகும். அதைச் சுரண்டாமல், சுரங்கங்களில் ஏற்கெனவே தோண்டிக் குவித்த மண், பீங்கானுக்குத் தேறாது என்று கழித்த களிமண், ஓட்டு ஆலைகளில் உடைந்த துண்டுகள் என்று தேடினால் நிறையவே கிடைக்கும். மூன்றாம் தர மண்ணுக்கும் வேலை கொடுப்பதுதானே இந்தத் தொழில்நுட்பத்தின் அழகு!

வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நாளைக்கு யாராவது ‘ஜியோபாலிமர் கல்’ என்று கொண்டுவந்தால், பெயரைக் கேட்டு மயங்கவும் வேண்டாம், புதுசு என்று பயந்து விரட்டவும் வேண்டாம். எதில் செய்தது, எத்தனை கிலோ பாரம் தாங்கும், தண்ணீரில் ஊறவைத்துச் சோதித்தார்களா என்று கேளுங்கள். ஆய்வகச் சான்றிதழைக் கையில் வாங்கிப் பாருங்கள். நடைபாதைக்கும் சுற்றுச்சுவருக்கும் முதலில் போட்டுப் பார்க்கலாம். தூணுக்கும் கூரைக்கும் பொறியாளர் கையெழுத்துப் போடாமல் எதையும் மாற்றக் கூடாது.

மண் பதமாக வேகலாம். அதை விற்பவர் சொல்லும் கணக்கு அரைவேக்காடாக இருக்கக் கூடாது!